கோட்டைச் சுவரைச் சுரண்டப் போனவன்

திருகோணமலையில் ஒரு பழைய கோட்டையை ஹோட்டலாக்குகிறோம், வந்து கல்லைச் சுத்தம் செய்து கொடுங்கள் என்று கொழும்பிலிருந்து கடிதம் வந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. சென்னையில் முப்பது வருஷமாகப் பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கிற ஒப்பந்தக்காரன் நான். கடல் தாண்டி ஒருவன் நம்மைத் தேடிக் கூப்பிடுகிறான் என்றால் சும்மாவா? பக்கத்து வீடு, எதிர் வீடு, காய்கறிக்காரர் வரைக்கும் சொல்லி முடித்தேன். அந்தப் பீற்றலை இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. இந்தக் கட்டுரையில் பலரைத் திட்டப் போகிறேன். முதல் திட்டு எனக்கே இருக்கட்டும்.

எழுபதுகளின் கடைசி அது. வெள்ளைக்காரப் பயணிகள் இலங்கைக் கடற்கரைகளுக்கு விமானம் விமானமாக வந்து இறங்கத் தொடங்கியிருந்தார்கள். காலி வீடு வைத்திருந்தவன் வீட்டை ஹோட்டலாக்கினான், தென்னந்தோப்பு வைத்திருந்தவன் தோப்பை ஹோட்டலாக்கினான். எங்கள் கொழும்பு முதலாளிக்குக் கோட்டையே கிடைத்துவிட்டது.

பெரிய கோட்டை என்று நினைத்துவிட வேண்டாம். கோணேசர் கோயில் இருக்கிற பெரிய கோட்டை வேறு. இது கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பாறை முனையில் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர்கள், கட்டிய சின்னக் கோட்டை. நான்கு சுவர், எட்டு அறை, நடுவில் ஒரு முற்றம். சுவர் மேல் ஏறி நின்றால் மூன்று பக்கமும் கடல். அந்த மாதிரி இடத்தில் ஒரு நாள் தூங்க யாருக்குத்தான் ஆசை வராது?

மனேஜர் ஜெகநாதன் என்னைச் சுற்றிக் காட்டினார். யாழ்ப்பாணத்துக்காரர், நாற்பது வயதுக்குள் இருக்கும். முதலாளி பெயரைச் சொல்லும்போதெல்லாம் குரல் ஒரு படி இறங்கிவிடும்.

“இது வெடிமருந்து வைச்ச அறை. இதிலை பார் வரும். அங்காலை பட்டாளத்துக்குச் சமைச்ச குசினி. அது நீச்சல் குளத்துக்கு உடுப்பு மாத்திற இடம்.”

“இது?”

“மறியல் அறை. புதுசாக் கலியாணம் முடிச்ச சோடியளுக்கு.”

ஜெயிலில் தேனிலவா என்று கேட்டுவிட்டேன். “ஓம், வெள்ளைக்காரர் விரும்புவினம்” என்றார், முகத்தில் ஒரு சிரிப்புமில்லாமல். உள்ளே எவனோ ஒரு பாவப்பட்ட கைதி நாள் எண்ணுவதற்கு ஆணியால் கீறிய கோடுகள் இருந்தன. அவற்றின் மேல் கண்ணாடி போட்டு விளக்கு வைக்கப் போகிறார்களாம். அட கடவுளே, ஒருவன் அழுத இடத்துக்கு வாடகை வாங்குவதற்கும் ஒரு மனசு வேண்டும்.

எனக்குக் கொடுத்த வேலை முனையின் நுனியில் திறந்த கடலைப் பார்த்த சுவர். மற்ற மூன்று சுவர்களும் பாசி பிடித்துக் கறுத்துக் கிடந்தன. இது ஒன்று மட்டும் வெள்ளை வெளேரென்று நின்றது. உளியால் ஒரு சில்லுப் பெயர்த்துப் பார்த்தேன். விரல் கனத்துக்குச் சுண்ணாம்பு, வருஷா வருஷம் அடித்த மாதிரி அடுக்கு அடுக்காக. எந்த மடையன் இந்த ஒரு சுவரில் மட்டும் இத்தனை சுண்ணாம்பை வாரிக் கொட்டினான் என்று சிரித்தேன். சிரித்தவன் யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அன்று கொழும்பிலிருந்து வடிவமைப்பாளரும் வந்திருந்தார். ஐரோப்பாக்காரர், தாடி, காலில் செருப்புக்கூட இல்லை. சுவரைத் தடவிக்கொண்டு இங்கிலீஷில் அவர் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: “இந்தச் சுண்ணாம்பு பொய். கல்தான் உண்மை. கல்லைப் பேச விடுங்கள்.” சொல்லிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டார், இளநீர் குடித்தார், மத்தியானமே காரில் ஏறிப் போய்விட்டார். நானும் பெரிய ஞானவாக்குக் கேட்டவன் போலத் தலையாட்டினேன். கடற்கரைக் கல்லுக்குச் சுண்ணாம்புதான் தோல். உப்புக்காற்றிலிருந்து அதுதான் கல்லைக் காப்பாற்றும். இது எனக்குத் தெரியாதா? இருபது வயதிலிருந்து தெரியும். ஆனால் கூலி கொடுப்பவன் பேசும்போது தெரிந்ததெல்லாம் மறந்துபோகிற வியாதி எனக்கு உண்டு.

பன்னிரண்டு நாள் சுரண்டினோம். மூங்கில் சாரம் கட்டி, கரண்டியும் கம்பித் தூரிகையுமாக எட்டுப் பேர். எல்லாரும் தம்பலகாமத்திலிருந்து லொறியில் வந்து போகிற வயற்காரர்கள். யானை எந்த வழியாக வயலுக்குள் இறங்கும் என்று கேட்டால் மணிக்கணக்காகச் சொல்வார்கள். கடலைப் பற்றி அவர்களுக்கும் ஒன்றும் தெரியாது, எனக்கும் ஒன்றும் தெரியாது.

சாப்பாடு மட்டும் ராஜ சாப்பாடு. கோட்டை வாசலுக்குப் பக்கத்தில் கொட்டகை போட்டு வேலைக்காரர்களுக்குச் சமைத்தவர் பூரணம் என்ற அம்மாள். காலையில் இடியப்பமும் சொதியும் சம்பலும். நம்மூரில் இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் ஊற்றிக் கொழகொழவென்று தருவார்களே, அந்தப் பேச்சே இங்கே கிடையாது. சம்பலின் உறைப்பில் காது அடைத்துக்கொள்ளும். தேநீர் என்ற பெயரில் பால் இல்லாத சாயத் தண்ணீரைக் கொடுத்துவிட்டு உள்ளங்கையில் ஒரு துண்டுச் சர்க்கரையைக் கடித்துக்கொள்ளச் சொல்வார்கள். அது ஒன்றுதான் எனக்குக் கடைசிவரை ஒத்துவரவில்லை.

சுரண்டத் தொடங்கிய மூன்றாம் நாளிலிருந்து மத்தியானச் சாப்பாட்டில் என் தட்டுக்கு மட்டும் தனியாக மீன் வந்தது. ஒரு நாள் பாரை, ஒரு நாள் அறுக்குளா, ஒரு நாள் உள்ளங்கை அகலத்தில் நண்டு.

“என்னம்மா இது, தினமும் விருந்தா இருக்கே?”

“வள்ளக்காரர் உங்களுக்கெண்டு தந்துவிட்டவை ஐயா. நல்லாச் சாப்பிடுங்கோ.”

அவருடைய கணவர் வேலாயுதமும் வள்ளக்காரர்தான், வள்ளத்தில் மீன் பிடிக்கப் போகிறவர். ஒரு நாள் வாசலில் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். கறுத்து இறுகின மனிதர், அதிகம் பேசவில்லை. சுரண்டின சுவரை அண்ணாந்து பார்த்து, “வடிவாச் செய்யிறியள்” என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது. இந்தியாவிலிருந்து வந்தவன் என்று எவ்வளவு மரியாதை பாருங்கள் என்று வீட்டுக்குக் கடிதமே எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை நிலாவெளிக்குப் போனேன், அங்கே புது ஹோட்டல்கள் எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று பார்க்க. பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. எல்லாரும் இறங்கித் தள்ளினோம். மீன் கூடையோடு வந்த ஒரு அம்மாள் கூடையை இறக்கி என் தலையில் வைத்துவிட்டுத் தானும் தள்ளப் போனார்! சட்டையெல்லாம் மீன் தண்ணீர். நம்மூர் பஸ்ஸாக இருந்தால் கண்டக்டரை நான்கு பேர் சட்டையைப் பிடித்திருப்பார்கள். இங்கே கண்டக்டரும் சேர்ந்து பாட்டுப் பாடிக்கொண்டு தள்ளினார்.

நிலாவெளியில் ஒரு காட்சியைக் கண்டேன். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்களைக் காவலாளி ஒருவன் தள்ளிப் போய் இழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். வெள்ளைக்காரர்கள் படுத்திருக்கும் கதிரைகளுக்கு, அதுதான் நாற்காலிகளுக்கு, முன்னால் வலை வருகிறதாம். வலை என்ன, பட்டுப்புடவையா, வேண்டிய இடத்தில் மடித்து வைக்க? கடலில் வளைத்துப் போட்ட வலை வருகிற இடத்துக்குத்தானே வரும். படுத்திருந்த பெண் ஒருத்தி பக்கத்தில் இருந்தவனிடம், “ஆட்கள் இல்லாத கடற்கரை என்றுதானே சொன்னார்கள்?” என்று இங்கிலீஷில் முணுமுணுத்தாள். அந்தக் காவலாளியை நான்கு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் திரும்பினேன். ஊர் நியாயத்தையெல்லாம் அங்கே பேசினேன். திங்கட்கிழமை காலையில் வந்து மிச்சச் சுவரைச் சுரண்டினேன்.

சுவர் முடிந்தது. கல் இடுக்குகளில் பூச நல்ல சுண்ணாம்பு வேண்டியிருந்தது. முருகைக்கல் என்கிற பவளப்பாறையைச் சுட்ட சுண்ணாம்பு மூதூரில் கிடைக்கும் என்றார்கள். காலையில் லோஞ்சு என்கிற மோட்டார் படகில் குடாவைத் தாண்டிப் போனேன். ஓட்டியவர் காசிம் என்ற முஸ்லிம் பெரியவர், எல்லாரும் அவரை அண்ணன் முறையில் காக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். போகும்போது கடல் தகடு மாதிரிக் கிடந்தது. சுண்ணாம்புக்குச் சொல்லிவிட்டு, மூதூர் எருமைத் தயிர் ஒரு சட்டி வாங்கிக்கொண்டு மத்தியான லோஞ்சைப் பிடித்தேன்.

பாதிக் கடலில் வாடைக்காற்று தொடங்கியது. வருஷத்தின் முதல் வாடையாம். பத்து நிமிஷத்தில் மழை திரை போட்டுவிட்டது. காசிம் காக்கா எழுந்து நின்றுகொண்டு கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தார்.

“சுவர் தெரியிதா? ஆருக்காச்சும் வெள்ளச் சுவர் தெரியிதா?”

எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு முதலில் விளங்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் சொன்னார். முனைக்கு வெளியே தண்ணீருக்குள் இரண்டு கல் பார் இருக்கிறது, மேலே தெரியாத பாறைத்திட்டு. இரண்டுக்கும் நடுவில்தான் வழி. கோட்டையின் வெள்ளைச் சுவரையும் மலைமேல் தனியாக நிற்கும் பாலை மரத்தையும் ஒரே நேரில் வைத்து வந்தால் வழி தப்பாது. பனியோ மழையோ அந்த வெள்ளை தெரியும். துறைமுகத்து விளக்கெல்லாம் கப்பலுக்குத்தான், இந்த வழியை அது காட்டாது.

நானும் எழுந்து பார்த்தேன். எதிரே மலையும் கல்லும் மழையும் எல்லாம் ஒரே சாம்பல் நிறம். நான் பார்த்துப் பார்த்துத் தேய்த்த கல், மலையோடு மலையாக மறைந்து நின்றது.

கறகறவென்று அடியில் ஒரு சத்தம். லோஞ்சு ஒரு பக்கம் சாய்ந்தது. தயிர்ச் சட்டி என் மடியில் உடைந்து மார்பு வரைக்கும் தயிர். பெண்கள் அல்லாஹ்வையும் முருகனையும் ஒன்றாகக் கூப்பிட்டார்கள். நான்கு பேர் கம்பை ஊன்றித் தள்ளியதில் ஒரு பெரிய அலை வந்து எங்களைத் தூக்கி அந்தப் பக்கம் விட்டது. உள்ளே தண்ணீர் கசிந்தது, ஆனால் ஓடியது.

“எந்த மடையன் அந்தச் சுவரச் சுரண்டின?” என்று காசிம் காக்கா கத்தினார். “வாட துவங்கிற நேரத்தில சுவரச் சுரண்டிப்போட்டுச் சும்மா விட்டிரிக்கானே! எனக்கு அடி தட்டையான லோஞ்சு, தப்பிச்சன். நேத்துப் போன வள்ளமெல்லாம் பொழுதுபட முன்னம் திரும்புமே, அவங்க என்ன செய்யிற?”

லோஞ்சே சேர்ந்து திட்டியது. என் பரம்பரையையே இழுத்தார்கள். நான் தயிர் வழிய உட்கார்ந்திருந்தேன். நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. அடிப்பார்கள் என்ற பயம், வேறென்ன.

இறங்குதுறையிலிருந்து கோட்டைக்கு ஓடினேன். ஐம்பத்தைந்து வயதில் அப்படி ஓடியது அன்றுதான். பூரணம் அம்மாள் மழையில் நனைந்தபடி சுவர் மேல் நின்றுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கீழே இறங்கி வந்தார்.

“ஐயா, எப்ப வெள்ளை அடிக்கப் போறியள்? வாடை வந்திட்டுது. என்ரை மனுசன் ஆக்கள் இன்னும் கடலாலை வரேல்லை.”

அவர் சொல்லச் சொல்லத்தான் முழுக்க விளங்கியது. ஒவ்வொரு வருஷமும் வாடைக்கு முன்னால் வள்ளத்துக்கு ஒரு வாளிச் சுண்ணாம்பு, வள்ளத்துக்கு ஓர் ஆள் என்று சேர்ந்து அந்தச் சுவருக்கு வெள்ளையடிப்பது அவர்கள் வழக்கம். இந்த வருஷம் கோட்டைக்குள் விடவில்லை. ஆனால் நான் சுரண்டுவதைப் பார்த்தார்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்தவன் எவனும் புதுப் பூச்சுக்கு முன்னால் பழையதைச் சுரண்டத்தானே செய்வான்! ஹோட்டல்காரர் தங்களுக்காக முறையாக வெள்ளையடித்துத் தரப் போகிறார்கள், இந்தியாவிலிருந்து ஆளே வந்திருக்கிறார் என்று நம்பியிருக்கிறார்கள். அதற்குத்தான் அந்தப் பாரை, அந்த அறுக்குளா, அந்த நண்டு. நன்றி சொல்லி அனுப்பியதை நான் விருந்து என்று நினைத்து விரலைச் சூப்பியிருக்கிறேன். நான் ஒரு மனுஷனா?

“மழையில சுண்ணாம்பு நிக்காதும்மா” என்றேன். “அடிச்சாலும் காஞ்சாத்தான் வெளுக்கும்.”

“அப்ப?”

முற்றத்தைச் சுற்றிப் பார்த்தேன். சாமான் அறை பூட்டியிருந்தது. முந்தின வாரம்தான் கொழும்பிலிருந்து ஹோட்டல் கட்டில்களுக்குப் படுக்கை விரிப்புகள் வந்து இறங்கின. கட்டுக் கட்டாகப் புது வெள்ளைத் துணி.

ஜெகநாதனிடம் சாவியைக் கேட்டேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் இரண்டு அடி பின்னால் போனார்.

“உங்களுக்கு விசரே ஐயா? அது பிறநாட்டிலையிருந்து எடுப்பிச்ச துணி. முதலாளி என்னைக் கொல்லுவார்.”

“யோவ், அங்க ஆள் சாகப்போறான், நீ துணியைப் பத்திப் பேசுற!” என்று நான் கத்திய கத்தலில் தம்பலகாமத்து ஆட்கள் எல்லாரும் ஓடி வந்துவிட்டார்கள். அவரை அடிக்கக் கையைக்கூட ஓங்கிவிட்டேன். பூரணம் அம்மாள் இடையில் வந்து நின்றார். அவர் கத்தவில்லை.

“தம்பி, என்ரை மனுசனும் என்ரை தம்பியும் ஒரே வள்ளத்திலைதான் போனவை.”

ஜெகநாதன் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். பிறகு தானே போய்ப் பூட்டைத் திறந்தார். முதல் கட்டைத் தோளில் தூக்கியதும் அவர்தான். அந்த மனிதரைப் பற்றி நான் முன்னால் நினைத்ததில் பாதியை அங்கேயே திரும்ப வாங்கிக்கொண்டேன்.

நல்ல காலம், சாரத்தை இன்னும் பிரிக்கவில்லை. ஒற்றைத் துணி நனைந்தால் கல் நிறம் வெளியே தெரியும் என்று இரண்டு இரண்டாகப் போட்டோம். மேல் மூங்கிலில் கட்டி, கீழ் முனையில் கல்லை முடிந்து இறக்கினோம். காற்று பிடுங்கப் பிடுங்கத் திரும்பக் கட்டினோம். வயற்காரர்கள் கயிறு முடிகிற முடிச்சு அன்று எனக்குத் தெய்வமாகத் தெரிந்தது. பொழுது சாய்வதற்குள் பாதிச் சுவருக்கு மேல் வெள்ளை ஏறிவிட்டது. கட்ட இடமில்லாத இரண்டு விரிப்புகளை ஜெகநாதனும் பூரணம் அம்மாளும் சுவர் மேல் நின்று கையாலேயே விரித்துப் பிடித்தார்கள்.

முதல் வள்ளம் மழைக்குள்ளிருந்து வந்தபோது நேராகக் கல் பாரைப் பார்த்துத்தான் வந்தது. எல்லாரும் கத்தினோம். கத்தினால் கேட்குமா அந்தக் காற்றில்? கொஞ்ச தூரம் வந்து அது தயங்கியது. மூக்கு மெல்ல இந்தப் பக்கம் திரும்பியது. சுவரையும் மரத்தையும் நேராக வைத்து நடு வழியில் நுழைந்தது. பின்னால் வந்தவை அதைப் பார்த்து வந்தன. கடைசி வள்ளமும் உள்ளே வரும்வரை பூரணம் அம்மாள் துணியைக் கீழே விடவில்லை. விட்டதும் அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதார். நானும் அழுதேன். மழையில் யாருக்குத் தெரியப் போகிறது.

வேலாயுதம் ஈரத்தோடு நேராகக் கோட்டைக்கு வந்தார். தொங்குகிற படுக்கை விரிப்புகளைப் பார்த்தார். மனைவியோடு தணிந்த குரலில் ஏதோ பேசினார். பிறகு என் முன்னால் வந்து நின்றார். கல்லைச் சுண்ணாம்பில்லாமல் விடச் சொன்ன கதையை ஜெகநாதன் வாய் திறந்து சொல்லுவதற்குள் நானே சொல்லிவிட்டேன்.

“சுரண்டினது நான்தான். வெள்ளையடிக்கிற எண்ணமே எங்களுக்கு இல்லை.”

“எத்தினை நாள் சுரண்டினீங்கள்?”

“பன்னிரண்டு நாள்.”

அவர் சுவரைப் பார்த்தார். “எங்கடை பாட்டன் பூட்டன் காலத்திலையிருந்து அடிச்சது” என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அன்றிரவே கொழும்புக்குக் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டு ஜெகநாதனிடம் கொடுத்தேன். கடல் உப்பு கல்லைத் தின்றுவிடும், சுண்ணாம்புப் பூச்சு இல்லாவிட்டால் சுவர் நிற்காது, இதை மீறினால் நான் பொறுப்பில்லை என்று. முதல் நாளே அந்தத் தாடிக்காரரிடம் சொல்லியிருக்க வேண்டிய உண்மை அது. இரண்டு வரி. அதைச் சொல்ல எனக்கு ஒரு லோஞ்சு கல் பாரில் ஏற வேண்டியிருந்தது! முதலாளி ஒத்துக்கொள்ளுவாரா என்று கேட்டேன். “தெரியேல்லை. ஆனா வெயில் வந்தா வள்ளக்காரருக்கு நான் கேற்றைத் திறந்துவிடுவன்” என்றார் ஜெகநாதன்.

மூன்றாம் நாள் வெயில் வந்தது. விடிந்ததும் வள்ளக்காரர்கள் வரிசையாக வந்தார்கள், ஆளுக்கொரு வாளி, ஆளுக்கொரு தும்புத் தூரிகை. நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தயாராக நின்றேன். சுண்ணாம்பு கரைப்பதிலும் அடிப்பதிலும் என்னைவிடத் தெரிந்தவன் அந்தக் கூட்டத்தில் இல்லை. மூதூரிலிருந்து வந்த சுண்ணாம்பு முழுவதையும் முதல் நாளே நீற்றி, வடிகட்டி, பதம் பார்த்து வைத்திருந்தேன். செய்த பாவத்தைக் கையாலேயே கழுவிவிட்டு ஊருக்குப் போய்விடலாம் என்று ஒரு ஆசை.

தூரிகையோடு சாரத்தில் ஒரு காலை வைத்தேன். வேலாயுதம் வந்து அதை என் கையிலிருந்து மெல்ல வாங்கிக்கொண்டார். முகத்தில் கோபம் ஒன்றுமில்லை.

“நீங்கள் இருங்கோ ஐயா. இது நாங்கள் அடிக்கிற சுவர்.”

நான் கரைத்து வைத்த சுண்ணாம்பையும் அவர்கள் தொடவில்லை. தாங்கள் கொண்டுவந்த வாளிகளிலிருந்தே அடித்தார்கள். பூரணம் அம்மாள் கொட்டகைக்குள்ளிருந்து கதிரை ஒன்றைத் தூக்கிவந்து நிழலில் போட்டு, தேத்தண்ணியும் கொண்டுவந்து கையில் கொடுத்தார். சுவர் காய்ந்து வெளுக்கும்வரை, சாயங்காலம் வரைக்கும், நான் அந்தக் கதிரையிலேயே உட்கார்ந்திருந்தேன்.